பிரித்து மேய்வதா, இடித்துக் கட்டுவதா

மானிப்பாய்ப் பக்கம் இருக்கிற என் மாமியார் வீட்டுக் கூரையிலிருந்து ஓடாவியார் ஓர் ஓடு உருவிக் கீழே நீட்டினார். தச்சு வேலை செய்பவரை அங்கே ஓடாவியார் என்பார்கள். வாங்கித் திருப்பினேன். மேல்பக்கம் கறுத்துப் பாசி படிந்திருந்தது. உள்பக்கம் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததுபோலச் சிவந்து கிடந்தது. நடுவில் ஆங்கில எழுத்தில் ஓர் ஆலையின் பெயர், அதன் கீழே ஃபெரோக் என்ற ஊர்ப்பெயர். கோழிக்கோட்டை ஒட்டிய ஊர் அது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா வசிக்கும் வீட்டு ஓட்டிலும் இப்படி எழுத்து உண்டு. ஊர் மட்டும் மங்களூர்.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் கள்ளிக்கோட்டை ஓடு என்று பெயர். தஞ்சைப் பக்கம் மங்களூர் ஓடு, சீமை ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூர் ஜெப்புவில் தொடங்கிய ஆலையிலிருந்து இந்த ஓட்டின் கதை தொடங்குகிறது. பிறகு நேத்ராவதிக் கரையிலும் மலபாரிலும் ஆலைகள் பெருகின. ஓடு கப்பலேறி இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. அதற்கு முன்பு இரண்டு கரையிலும் இருந்தது, பாதிக் குழாய் போல வளைந்த கை ஓடு. தமிழ்நாட்டில் அது நாட்டு ஓடு, ஈழத்தில் பீலி ஓடு. ஏழைகளுக்கு அதுவும் எட்டாது. இங்கே தென்னங்கீற்று, அங்கே கிடுகு. இரண்டு பக்கமும் பனை ஓலை.

எங்கள் இரண்டு வீடுகளும் 1930களில் கட்டியவை. அம்மா வீடு நெல் விற்ற பணத்தில் எழுந்தது. மாமியார் வீடு மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய பாட்டனார் அனுப்பிய காசில் எழுந்தது. இரண்டுக்கும் ஒரே வடகிழக்கு மழை. ஓராண்டு இடைவெளியில் இரண்டு வீட்டுக் கூரையும் ஒழுகத் தொடங்கின. இரண்டு இடத்திலும் முடிவெடுக்கும் பேச்சில் நான் உட்கார வேண்டியிருந்தது.

அம்மா ஒரே வரியில் சொன்னார். “இதை எத்தனை தடவைதான் பிரிச்சு மேயறது? இடிச்சுட்டுத் தளம் போட்டுடு தம்பி.” மாமியும் ஒரே வரியில்தான் சொன்னார். “மரத்தை மாத்தினாக் காணும் தம்பி, வீட்டிலை கை வைக்காதேங்கோ.” காணும் என்றால் அங்கே போதும் என்று பொருள். அன்றைக்கு இந்த இரண்டு பதிலையும் இரண்டு பெண்களின் மனப்போக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு இரு ஊர்களிலும் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தபோதுதான், அம்மாவின் வாயில் தமிழ்நாடும் மாமியின் வாயில் யாழ்ப்பாணமும் பேசியிருப்பது புரிந்தது.

தமிழ்நாட்டில் கூரை என்பது அடுத்த மாடியின் தரை. புதிதாகக் கட்டிய எந்த வீட்டின் உச்சியையும் பாருங்கள். தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகன் சம்பாதித்து மேலே கட்டுவான், மகளுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு பகுதி தேவைப்படும் என்று விட்டுவைத்த கம்பிகள். மூன்று சென்ட் மனையில் வீடு மேல்நோக்கித்தான் வளர முடியும். தளம் போடுகிற நாளுக்கு உறவினரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதும், கொத்தனாருக்கும் சென்ட்ரிங் ஆளுக்கும் வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பதும் அதனால்தான். யாழ்ப்பாணத்தில் வீடு வளவுக்குள் இருக்கிறது. மாமியார் வீட்டு வளவு நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர். அறை வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பத்தி இறக்குவார்கள், வீடு அகலும். மேலே போக வேண்டிய தேவை வரவில்லை, ஆகவே கூரை கூரையாகவே இருந்தது.

இதனால் ‘மாற்றுவது’ என்ற சொல்லின் பொருளே இரண்டு கரையிலும் வேறாகிவிட்டது. அங்கே கூரையை மாற்றுவதென்றால் ஓடு உட்காரும் சிலாகையும் அதைத் தாங்கும் கைமரமும் மாற்றி, தேவைப்பட்டால் புது ஓடு போடுவது. இங்கே மாற்றுவதென்றால் தளம். அந்தத் தளம் பழைய சுவரின் மேல் உட்காராது என்பதைத்தான் பலர் கடைசி நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஏறத்தாழ 15 மங்களூர் ஓடு பிடிக்கும். ஓடு ஒன்று இரண்டேகாலிலிருந்து இரண்டரைக் கிலோ. மரத்தையும் சேர்த்தால் ஐம்பது, அறுபது கிலோவுக்குள் அடங்கும். அதே சதுர மீட்டருக்கு நாலு அங்குலக் கான்கிரீட் மட்டுமே 250 கிலோ. அதன்மேல் சுருக்கி, தட்டோடு என்று போனால் இன்னும் ஏறும். அம்மா வீட்டுச் சுவர் செங்கல்தான், ஆனால் மண் சாந்து வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது. ஓட்டைத் தாங்கத் தொண்ணூறு வருடமாகப் பழகிய சுவரின் மேல் நாலைந்து மடங்கு எடையை ஏற்ற எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். தூண் எழுப்பு, அஸ்திவாரம் தோண்டு, சுவரை இடி என்று கணக்கு நீண்டது. கூரை ஒழுகியதற்காக வீட்டையே இழக்கிற கணக்கு அது.

ஓடாவியார் மாமியார் வீட்டுக் கூரையைச் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் ஏணியே கேட்கவில்லை. நடு மத்தியானத்தில் ஒவ்வோர் அறையாகப் போய்க் கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்லி இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஊசிமுனை வெளிச்சம் எங்கெங்கே வருகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் புள்ளி வைத்தார். பிறகு சுவரில் நீர்க்கறை இருக்கும் இடங்களைப் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. நுழைந்த இடத்தில் நீர் சொட்டுவதில்லை; கைமரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு சறுக்கி, சிலாகை குறுக்கிடும் இடத்தில்தான் விழும். கறைக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டை மாற்றிவிட்டு ஒழுகல் நிற்கவில்லையே என்று கூரையின் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய. பிறகு முற்றத்தில் தள்ளி நின்று முகட்டுக் கோட்டை ஒரு கண்ணால் பார்த்தார். கோடு நேராக இருந்தது. “முதுகு வளையேல்லை,” என்றார். முகடு தொய்ந்திருந்தால் விட்டத்திலோ சுவரிலோ கோளாறு. அப்போது பேச்சே வேறு.

மறுநாள் மேலே ஏறி மரத்தைத் தட்டினார். நல்ல பனங்கைமரம் தட்டினால் கணீரென்கும். கறையான் குடைந்தது பொத்தென்று விழும். சந்தேகம் வந்த இடத்தில் உளியின் முனையைக் குத்தி அழுத்தினார். உள்ளே போனால் உக்கிப்போச்சு என்று சுண்ணக் குறி. அன்று மாலை அவர் சொன்ன கணக்கு இது: கைமரங்களில் மூன்றுதான் பழுது, மூன்றும் இரண்டு சரிவு சேரும் கூடல்வாயை ஒட்டியவை. சிலாகை பாதிக்கு மேல் உக்கல். முகட்டு ஓடு பூசியிருந்த சீமெந்து நெடுகிலும் வெடிப்பு. “ஓடு இன்னும் உங்கட பிள்ளையள் காலத்துக்கும் கிடக்கும்.” ஓர் ஓட்டை விரல் மடக்கித் தட்டிக் காட்டினார், சட்டிபோல ஒலித்தது.

அந்தச் சீமெந்துப் பூச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில், போர்க்காலத்தில், வடக்கிற்குப் போகக்கூடாது என்று இலங்கை அரசு தடுத்து வைத்த பொருள்களில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது. ஆலை இருந்த குடாநாட்டில் கூரை முகட்டுக்குப் பூச ஒரு வாளி சீமெந்து கிடைக்காத காலம் அது. 1995 அக்டோபர் 30 அன்று மானிப்பாய் அடங்கிய வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மாமியும் குழந்தைகளோடு தென்மராட்சிக்கு நடந்தார். 1996இல் திரும்பி வந்தபோது குசினிப் பக்கக் கூரையில் ஷெல் விழுந்த துவாரம். கிடைத்த தகரத்தை வைத்து அடைத்து, மேலே கிடுகு போட்டு இரண்டு மாரி கழித்தார்களாம். சீமெந்து வரத் தொடங்கியதும், இத்தனை நாள் கிடைக்காத ஆற்றாமையில் முகடெல்லாம் தடிப்பாக அப்பிவிட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஓடும் மரமும் விரிந்து சுருங்கும். தடித்த சீமெந்து அசையாது, வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த சாந்தாக இருந்தால் கொஞ்சம் இசைந்து கொடுத்திருக்கும்.

யாழ்ப்பாணத்தாருக்குப் பழுது பார்க்கும் கை வந்தது இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான். கூரை என்பது பறிபோகக்கூடிய பொருள் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதே. ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் முதலில் காணாமல் போனவை ஓடு, மரம், நிலை, கதவு. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டபோது (மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது) சனங்கள் கண்டது, சுவர் மட்டும் நிற்க உள்ளே மரம் வளர்ந்த வீடுகளை. சுவர் நின்றாலும் மழை நேராக உள்ளே இறங்கிய சுவர்கள் அவை. தலைப்பகுதி ஊறிச் சுண்ணாம்பு கரைந்த சுவரின் மேல் புதுக் கூரையை ஏற்றுவதா, இடித்துக் கட்டுவதா என்பது அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு அரசுகள் தொகையில் பதில் சொல்லின. 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கு கிழக்கில் புது வீட்டுக்கு இலங்கை ரூபாயில் 5,50,000, சேதமான வீட்டைத் திருத்த 2,50,000 கொடுத்தது. வீட்டுக்காரரே ஆள் வைத்துக் கட்டும் முறை அது. அதனால் நல்ல வேலை நடந்தது, நான் பார்த்த வீடுகள் மரச்சட்டமும் ஓடுமாக நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் பெரிய பழைய கல்வீட்டுக்காரருக்கு 2,50,000 கூரை மரத்துக்கே போதாது. பழையதைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் சிறிய புது வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கொண்டுவரும் திட்டம் பேசப்பட்டபோது வடக்கே எழுந்த எதிர்ப்பில் முதல் வாதம் வெக்கை, இரண்டாவது வாதம் பழுது. உள்ளூர் மேசனும் ஓடாவியும் கைவைக்க முடியாத வீடு எங்களுக்கு எதற்கு என்றார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கூரையை வாங்கும் முன் அதைத் திருத்தத் தெரிந்தவர் எத்தனை மைலுக்குள் இருக்கிறார் என்று கேட்ட மக்கள் அவர்கள்.

தமிழ்நாட்டு அரசு எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அன்று மாலை ஊரில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. கீற்று என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு வயிறு கலங்கும். குடிசையே இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கு அதற்கு முன்பும் இருந்தது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சி மாறினாலும் அது தொடர்ந்தது. கனவு இல்லத்தில் வீடு 360 சதுர அடி, தொகை 3,50,000 ரூபாய், அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். ஓலைக்கு அடியில் படுத்தவருக்குத் தளம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை 2018 நவம்பர் 16 விடியற்காலையில் பார்த்தேன். கஜா புயல் எங்கள் தெருவில் ஒரு கீற்றுக் கூரையையும் விட்டுவைக்கவில்லை. தளம் போட்ட நாலு வீடுகளில்தான் ஊரே ஒண்டியது. அம்மா வீட்டு ஓடுகளில் இருநூறுக்கு மேல் பறந்தன. தளம் போட்டுடு என்று அம்மா கேட்டதற்குப் பின்னால் அந்த இரவு இருக்கிறது. அதை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தளம் ஒருமுறை போட்டால் முடிந்தது என்ற நம்பிக்கை தவறு. அதற்குச் சாட்சி தொகுப்பு வீடுகளே. எங்கள் ஊர்க் கடைசியில் அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளின் உள்கூரையில் காரை பெயர்ந்து கம்பி பல்லாகத் தெரிகிறது. கம்பிக்குக் கீழே போதிய கனம் விடாமல் போட்ட கான்கிரீட்டில் ஈரம் எளிதாக இறங்கும். இரும்பு துருவேறினால் பருக்கும். பருத்த இரும்பு தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிதுக்கித் தள்ளும். மேலே சிமெண்ட் பால் ஊற்றுவதாலோ உள்ளே பூசி மறைப்பதாலோ அது நிற்காது. பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும். மெலியவில்லை என்றால் பூசலாம். மெலிந்துவிட்டது என்றால் குழந்தைகளை அதன் கீழே படுக்க வைக்கக்கூடாது. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2,50,000 கிராம வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாய் என்று 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வீட்டுக்குச் சராசரி 80,000 வருகிறது. அடுத்த ஆண்டு, சீரமைக்கவே முடியாத 25,000 வீடுகளை மறுபடி கட்ட 600 கோடி, வீட்டுக்கு 2,40,000. இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கிற வீடு எந்தப் பக்கம் போகும் என்பது, பார்க்க வருகிற பொறியாளர் உள்கூரையைத் தட்டிப் பார்க்கிறாரா, வாசலில் நின்று புகைப்படம் மட்டும் எடுக்கிறாரா என்பதில் இருக்கிறது.

நல்ல தளங்களிலும் இன்னொரு காட்சி பரவிவிட்டது. மாடி ஒழுகுகிறது, கோடையில் இரவெல்லாம் அனல் இறங்குகிறது என்று மொட்டை மாடியின் மேல் இரும்புச் சட்டம் எழுப்பிக் கலர் ஷீட் போட்டுவிடுகிறார்கள். திருச்சியிலிருந்து மன்னார்குடி வரை பேருந்தில் உட்கார்ந்து எண்ணினால் கை சலித்துப்போகும். ஓட்டுச் சரிவை இடித்துத் தட்டையாக்கிய அதே வீட்டின் தலைக்கு மீண்டும் ஒரு சரிவு வந்திருக்கிறது. மழை கொட்டுகிற நாட்டில் நீர் வழிந்தோடும் சரிவுதான் கூரையின் முதல் வேலை என்பதை இரண்டாவது செலவில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

சரிவு இருந்தாலும் எல்லாக் கூரையும் நல்ல கூரை ஆகிவிடாது. இரண்டு நாட்டிலும் நடுத்தர ஏழை வீடுகளை மூடியிருப்பது கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட். தமிழ்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ், இலங்கையில் அஸ்பெஸ்ரோஸ் சீற். இதில் பழுதா மாற்றா என்ற கேள்விக்கு விடை பாதுகாப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழுசாக இருக்கும் ஷீட்டைச் சீண்டாமல் வர்ணம் பூசி விட்டுவிடலாம். உடைந்ததை, பொடியும் விளிம்பை, வைத்திருக்கக்கூடாது. கழற்றும்போது நனைத்துக் கழற்ற வேண்டும். அறுக்கவோ துளையிடவோ உலர்ந்த தூளைப் பெருக்கவோ கூடாது, அந்த இழை நுரையீரலில் தங்கிவிடும். நீலக் கல்நாரை 1987இலேயே தடை செய்த இலங்கை, மீதியையும் 2018 தொடக்கத்திலிருந்து நிறுத்துவதாக முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. கல்நாரை வெட்டி ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான். சில நாள்களில் இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளிப்போட்டது, தேயிலைக்கும் வழி திறந்தது. இந்தியாவில் அப்படி ஒரு தடை முடிவுவரை கூட அரசு போகவில்லை. கூலி வீட்டுக் கூரையை எந்தப் பொருளால் மூடுவது என்பதை இலங்கையில் தேயிலைச் சந்தை தீர்மானித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தத் தேயிலையைப் பறிக்கிற கைகளுக்கு, தங்கள் கூரையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையே இல்லை. மலையகத்து லயன் வீடுகள், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள், வெள்ளைக்காரன் காலத்துத் தகரக் கூரை. காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே கல்லும் மணல் மூட்டையும். நிலமும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகுகிறது என்று துரைக்குச் சொல்லலாம். தகரம் வரும்வரை சட்டி வைக்கலாம். இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள், பிறகு 2017இல் மேலும் 10,000 என்று அறிவிப்பு வந்தபோது, கூரையைவிடப் பெரிதாக அவர்கள் பேசியது 7 பேர்ச்சஸ் காணியைப் பற்றி. காணி கையில் இருந்தால்தானே ஆணி அடிக்கத் தோன்றும். 1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் அதே வரிசை வீடுகள்தான் கட்டினார்கள். கடல் தாண்டி வந்தும் கூரை அவர்களுடையதாகவில்லை. தமிழ்நாட்டில் ஈழ அகதிகள் இருந்த முகாம்களிலும் முப்பது ஆண்டுகள் இதே நிலை. 2021இல்தான் 7,469 புது வீடுகள் என்ற முடிவு வந்தது.

உரிமை இருந்தும் முடிவெடுக்க முடியாத வீடுகள் தனி வருத்தம். செட்டிநாட்டில் அடுக்கடுக்காக நாட்டு ஓடு போட்ட வீட்டுக்கு முப்பது பங்காளிகள் இருப்பார்கள். ஓர் ஓடு நகர்ந்தால் யார் செலவு என்ற பேச்சு முடிவதற்குள் தேக்கு உத்திரம் இற்றுவிடும். பிறகு காரைக்குடிக் கடைகளில் அதே வீட்டின் தூணும் கதவும் தனித்தனியாக விற்பனைக்கு நிற்கும். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும்; தேசவழமை அப்படி. உரித்துக்காரி ஒருத்திதான் என்பதால் பங்காளிச் சிக்கல் குறைவு, ஆனால் அந்த ஒருத்தி டொரன்டோவில் இருப்பாள். பழுது பார்க்கக் காசு வரும். பார்க்க ஆள் இருக்காது.

இங்கேதான் எனக்கு இரண்டு கரையும் தலைகீழாகத் தெரிகின்றன. பழுது பார்த்து வைத்திருக்கும் கூரை ஓர் ஆளைக் கேட்கும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் ஏறி, சருகைத் தள்ளி, நகர்ந்ததைச் செருகி, இறவாணத்தில் கறையான் புற்று ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். புதுக் கூரைக்கு அப்படி ஆள் வேண்டாம், பணம் போதும் என்று நினைக்கிறோம். ஆள் நிறைந்த தமிழ்நாடு பணத்தைக் கொட்டி மாற்றுகிறது. ஆளெல்லாம் கடல் கடந்துவிட்ட யாழ்ப்பாணம் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமிக்கு ஓடாவியார் இருக்கும்வரை அது நடக்கும். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, நான் இருப்பது திருச்சியில். ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் தனியாகக் குடம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகச் செய்தோம். மானிப்பாயில் உக்கிய சிலாகை முழுவதும் கழற்றினோம். கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனை வேண்டும். பனை தறிக்க அங்கே அனுமதி வேண்டும், தமிழ்நாட்டிலும் 2021 முதல் ஆட்சியர் அனுமதி வேண்டும், நியாயமான கட்டுப்பாடுதான். இடிந்த வீடொன்றின் பழைய பனங்கைமரம் மூன்று கிடைத்தது. உடைந்ததற்கு ஈடாக நூற்றைம்பது ஓடு தேவைப்பட்டது. ஓர் ஆலை ஓட்டின் வாய் இன்னோர் ஆலை ஓட்டோடு பொருந்தாது. வாய்க்கால், தங்கொட்டுவை என்ற ஊர்கள் பக்கம் இப்போது செய்யும் புது ஓடு எங்கள் பழைய ஓட்டில் அரை விரல் தூக்கிக்கொண்டு நின்றது. ஆறு வாரம் தேடி, நாலு வீடு தள்ளி இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டில் அதே ஃபெரோக் ஓடு கண்டெடுத்தோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் லண்டனிலிருந்து பணம் அனுப்பி, தளம் போட்டு மாடி கட்டுகிறார்கள்.

மன்னார்குடி வீட்டில் பின்கட்டு நாட்டு ஓட்டுச் சமையலறையில் சுவரே சரிந்திருந்தது. அதை மட்டும் இடித்து, தனித் தூண் எழுப்பித் தளம் போட்டோம். அம்மாவின் கட்டிலும் குளியலறையும் அங்கே வந்துவிட்டன. முன்கட்டு ஓட்டைப் பிரித்து, ரீப்பர் மாற்றி, அதே ஓட்டால் மேய்ந்தோம். புயலுக்குப் பறக்காமல் ஓரத்து இரண்டு வரிசையைக் கம்பியால் கட்டச் சொன்னேன். மேய்ந்தவருக்கு அறுபத்தெட்டு வயது. சுற்றியுள்ள ஏழு ஊரில் ஓடு மேயத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மகன் கோயம்புத்தூரில் கண்ணாடி பொருத்தும் வேலையில் இருக்கிறான். ஓடாவியாரின் மகன் கொழும்பில். அம்மா ஓடு மேய்ந்தவரிடம் இந்த வருடத்துக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறார், புரட்டாசி இரண்டாம் வாரம். மாமிக்கு ஓடாவியார் சொன்ன நாளும் அதே வாரம்தான். அங்கே அந்த மாதத்துக்குப் புரட்டாதி என்று பெயர்.